அடினினும் தைமினும்

வைத்தியசாலையில் என் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்தார்கள். அத்திவாரம் வெட்டிய இடத்தில் கிடைத்த எலும்புகள் அண்ணாவுடையவையா என்று டி.என்.ஏ.யில் பார்க்க வேண்டுமாம். அந்த அறையின் ஸ்பிரிட் வாடை என்னைப் பழைய பேராதனை வீட்டுக்கு இழுத்துப்போனது.

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த அண்ணாவின் அறையில், தவளைகள் ஊறும் போத்தல்களின் ஸ்பிரிட் வாடை எப்போதும் இருக்கும். அம்மா மீன் பொரித்தாலும் அதுதான் மூக்கில் ஏறும். படித்ததையெல்லாம் அண்ணா எனக்குச் சொல்லிப் பார்ப்பார்.

"அடினின் தைமினோடதான் சேரும். குவானின் சைற்றோசினோட. விளங்குதே?"

"ஆர்.என்.ஏ.யிலயும் அப்பிடியோ?"

"அதில தைமின் இல்லை. அந்த இடத்துக்கு யுராசில் வந்து அடினினோட சேரும்."

அந்த வருட ஆடிக் கலவரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் குசினியில் ஒளித்து வைத்தது. வேலைக்குப் போன அப்பாவைத் தேடி அண்ணா வெளியே போனார். அப்பா வேறு பாதையால் வந்து சேர்ந்தார். அண்ணா வரவேயில்லை.

வைத்தியசாலைக்குப் போய்வந்து சில மாதங்களில் டி.என்.ஏ. முடிவு வந்தது. அந்த எலும்புகள் எங்களோடு பொருந்தவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப பிள்ளை எங்கேயோ இருக்கிறான், என்ன?"

"ஓம் அம்மா" என்றேன்.