ஆறு மணி ஜெபத்தில் வந்த மூச்சு

எங்கள் சபையில் பெண்களுக்குச் சங்கிலி ஜெபம் உண்டு. காலையிலிருந்து இரவுவரை மணிக்கு ஒரு கூட்டம், போனில் குரூப் கால் போட்டு ஜெபிக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணி என் தலையில் விழுந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பக்கவாதத்தில் விழுந்த என் வீட்டுக்காரருக்குப் பேச்சே போய்விட்டது. அவருக்காக நான் கேட்காமல் வேறு யார் கேட்பது?

"குடும்பம், ஊழியம், வேலை, மூணும் சமமா இருக்கணும் சிஸ்டர்" என்பார் பாஸ்டர். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப் போகிறது! செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் பகலெல்லாம் கத்திவிட்டு, பஸ்ஸில் நசுங்கித் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, அவருக்கு உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனோடு சமையலறையில் உட்காருவேன். இதுதான் என் சமம்.

பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண், "ஒரே ஒரு ஆ சொல்லுங்க சார்" என்று கெஞ்சுவாள். மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். இப்படியே வாயைத் திறக்காமல் இருந்தால் பேச்சு திரும்பவே திரும்பாது என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் முதல் ஜெபக்குறிப்பு அவர் நாக்குதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெபத்தின் நடுவில் யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

"யாரும்மா அது, மூச்சு வுட்டுகினு? மைக்க மூடுங்க" என்றேன் எரிச்சலாக. நானில்லை, நானில்லை என்றார்கள். நாங்கள் ஆமென் சொல்லி முடித்ததும் அந்த மூச்சு கனத்து, அடித்தொண்டையிலிருந்து "ஆ…" என்று இழுத்தது. திரையைப் பார்த்தேன். 'அத்தை' என்று இருந்தது. என் மாமியார்! போன மழைக்காலத்தில்தான் அடக்கம் பண்ணினோம். குரூப்பிலிருந்து அவர் நம்பரை எடுக்க எவருக்கும் மனசு வரவில்லை. அவர் போனை என் பீரோவில், அவருடைய வேதாகமத்தின் மேலேதான் வைத்திருந்தேன்.

போன் கெட்டுப்போய்த் தானாகக் கால் வந்திருக்கும் என்று ஒருத்தி சமாதானம் சொன்னாள். மறுநாளும் வந்தது. அப்போது கோயில் மணி அடித்தது. ஜன்னல் வழியாக ஒரு தரம் கேட்டேன். கண் இமைப்பதற்குள் அதே மணி போனுக்குள்ளிருந்தும் கேட்டது. மற்றவர்கள் இருந்ததெல்லாம் அணுபுரம், ஊரப்பாக்கம், மாமல்லபுரம். அங்கே இந்த மணி கேட்காது. எழுந்து போய் பீரோவைத் திறந்து பார்க்கத் துணிவு வரவில்லை. அது எதுவோ, இங்கேயே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மாமல்லபுரத்து அக்காவுக்குப் பயம் என்பதே கிடையாது. "செத்தவங்க வரமாட்டாங்க. இது அவுங்க பேர்ல வந்துகீற அசுத்த ஆவி. தொரத்துங்கடி!" என்றார்.

துரத்தினோம். எல்லாரையும்விட நான்தான் சத்தம் போட்டேன். "இயேசுவின் நாமத்துல சொல்றேன், வெளிய போ! இந்த வூட்ல ஒனக்கு எடமில்ல!" மூச்சு ஒரு தரம் விக்கியது. பிறகு அறுந்துபோனது. எல்லாரும் "ஸ்தோத்திரம்!" என்றார்கள்.

உடனே, சாத்திய கதவுக்குப் பின்னால் ஏதோ விழுந்தது.

போனைக் கட் பண்ணிவிட்டு பீரோவைத் திறந்தேன். வேதாகமம் இருந்தது, அத்தையின் போன் இல்லை. என் வீட்டுக்காரர் அறைக் கதவைத் தள்ளினேன். கட்டிலுக்குக் கீழே அந்தப் போன் கவிழ்ந்து கிடந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலையணை நனைந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "இன்னாயா வெளாட்டு இது! என் உசுரே போயிருக்கும்!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவைப் போய்க் கேட்டேன். "அவருதாம்மா பீரோவக் காட்டிகினே இருந்தாரு. அம்மா போட்டோ பாக்கறதுக்குன்னு நெனச்சி சார்ஜ் போட்டுக் குடுத்தேன்" என்றார்.

வீட்டுப் படியேறும்போதுதான் புத்தியில் உறைத்தது. பேச்சுப் பயிற்சிப் பெண் கெஞ்சியும் கிடைக்காத 'ஆ'. எங்கள் ஒவ்வொரு ஆமெனுக்கும் பின்னால் இழுத்துக்கொண்டு வந்ததே, அது. ஐயோ பாவி, எதை வெளியே போகச் சொன்னேன்! அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கூச்சத்தில் குரூப்பில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனை எங்கள் நடுவில் வைத்தேன். முதல் ஜெபம் முடிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்ததற்கும் இல்லை. நான் துரத்தியது துரத்தியதுதான் என்று நினைத்தேன். கடைசி ஜெபம் முடிந்தபோது அந்த மூச்சு கனத்தது.

அணுபுரத்துப் பெண் அலறினாள். "சிஸ்டர், வந்துடுச்சி! மறுபடியும் வந்துடுச்சி!"

"கத்தாதடி" என்றேன். "அது எங்க வூட்டுக்காரரு. ஆமென் சொல்லிகினு கீறாரு. இரு, முடிக்கட்டும்."