தயிர்சாதம் சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள்

சுந்தரவல்லி ஸ்ரீரங்கத்துப் பெண். புள்ளியியல் படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு சர்வே கம்பெனியில் வேலை பார்த்தாள். யார் எந்த சோப்பு வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வந்து கணக்குப் போடுகிற வேலை. கணவர் வெங்கட்ராமனுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். ஊர் ஊராக மாற்றலாகிக் கடைசியில் கொல்கத்தா வந்து சேர்ந்தபோது அந்த வேலையெல்லாம் பழைய கதையாகியிருந்தது. லேக் கார்டன்ஸில் ரயில் பாதையை ஒட்டிய ஐந்து மாடிக் கட்டிடத்தில் குடியிருந்துகொண்டு, ஐ.டி. கம்பெனிகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவந்தாள். கை ருசி நல்ல ருசி. கட்டிடத்தில் எந்த விசேஷம் என்றாலும் ஒரு அயிட்டம் அவள் பொறுப்பில் வரும்.

அந்தச் சித்திரை வருஷப்பிறப்புக்கு மொட்டை மாடியில் ஷாமியானா போட்டுச் சாப்பாடு. தமிழ்க் குடும்பங்களோடு வங்காளிக் குடும்பங்களும் வந்திருந்தன. தயிர்சாதம் சுந்தரவல்லி செய்தது. இரண்டு பெரிய அண்டா நிறையக் கலந்து, மாதுளையும் கொத்தமல்லியும் தூவி எடுத்துப்போனாள். அடுத்த நாள் காலையிலிருந்து ஒவ்வொருவராகப் படுக்க ஆரம்பித்தார்கள். வாந்தி, பேதி, காய்ச்சல். மூன்றாவது மாடி நாகலட்சுமியின் மகள் சுபிக்ஷாவை, நாலு வயதுக் குழந்தையை, ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள்.

மத்தியானம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பட்டாபி வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டார். 'உடம்பு சரியில்லாத எல்லாரிடமும் விசாரித்தேன். பத்துக்கு ஒன்பது பேர் தயிர்சாதம் சாப்பிட்டவர்கள். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.'

சுந்தரவல்லி அதைப் படித்தபோது நின்றுகொண்டிருந்தாள். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாலை நன்றாகக் காய்ச்சினேனா? உறை ஊற்றிய கரண்டி ஈரமாக இருந்ததோ? மாதுளையைக் கழுவினேனா, கழுவவில்லையா? எதை நினைத்தாலும் நிச்சயமாகத் தெரியவில்லை. சாப்பாடு எடுக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் 'நாளையிலிருந்து வேண்டாம் அக்கா' என்று அனுப்பியிருந்தார்கள். அது அவள் மனதில் பதியவே இல்லை. குழந்தையின் முகம் மட்டும்தான் கண்முன் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வராந்தாவில் நாகலட்சுமி தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அக்கா, தயிர் கெட்டுப்போயிருந்துச்சா? உண்மையச் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். டாக்டர் கேக்குறாரு, எதுனால வந்துச்சுன்னு. அது தெரிஞ்சா மருந்து குடுக்க லேசா இருக்குமாம்."

"தெரியலை நாகா," என்றாள் சுந்தரவல்லி. "எனக்கே தெரியலை."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பத்துக்கு ஒன்பது. அந்த எண் காதுக்குள் அடித்துக்கொண்டே வந்தது. லேக் மார்க்கெட் சிக்னலில் வண்டி நின்றபோதுதான், பழைய வேலையின் பழக்கம் எங்கிருந்தோ எழுந்து வந்து ஒரு கேள்வி கேட்டது. பட்டாபி மாமா யாரை விசாரித்தார்? படுத்தவர்களை மட்டும்தானே? நன்றாக இருப்பவர்களை யாராவது கேட்டார்களா?

நேராக அவர் வீட்டுக்கே போனாள்.

"மாமா, உடம்பு முடியாதவாள்ல பத்துக்கு ஒன்பது பேர் தயிர்சாதம் சாப்பிட்டான்னு சொல்றேள். சரி. ஒண்ணும் ஆகாதவாள்ல எத்தனை பேர் சாப்பிட்டா?"

"அதை எதுக்கு கேட்கணும்? அவாளுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"எல்லாருமே சாப்பிட்டிருந்தா, படுத்தவாளும் சாப்பிட்டுத்தான் இருப்பா. அதனால மட்டும் தயிர்சாதம்தான் காரணம்னு ஆயிடாது. சாப்பிட்டவாள்ல எத்தனை பேர் படுத்தா, சாப்பிடாதவாள்ல எத்தனை பேர் படுத்தா, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்."

பட்டாபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்த்தப்புறமும் உன் தயிர்சாதம்தான்னு வந்தா என்ன பண்ணுவே?"

"வந்தா டாக்டர்கிட்டே போய் நானே சொல்றேன்," என்றாள்.

ஐந்து மாடியும் ஏறி இறங்கினாள். விருந்துக்கு வந்தவர்கள் அறுபது பேர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரே மாதிரிக் கேள்விகள்: தயிர்சாதம் சாப்பிட்டீர்களா, பாயசம், வடை, பானகம், உடம்புக்கு ஏதாவது ஆயிற்றா? சிலர் கதவைப் பாதிதான் திறந்தார்கள். இரண்டாவது மாடி வங்காளிப் பெண்மணி மிதாலி மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவளை வங்காளிகள்போல 'பௌதி', அதாவது அண்ணி, என்றுதான் சுந்தரவல்லி கூப்பிடுவாள். யாராவது "சாப்பிட்டேன், விடிஞ்சதும் படுத்துட்டேன்" என்று சொல்லும்போதெல்லாம் சுந்தரவல்லிக்கு நெஞ்சில் குத்தியது. எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு வீட்டில் தோன்றியது. எழுதினாள்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டாள். மேல் வரிசை, சாப்பிட்டவர்கள். கீழ் வரிசை, சாப்பிடாதவர்கள். இடப்பக்கம் படுத்தவர்கள், வலப்பக்கம் நன்றாக இருப்பவர்கள். கல்லூரியில் இருவழி அட்டவணை என்று படித்தது. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பும்போது பரீட்சை முடிவைப் பார்ப்பதுபோல இருந்தது.

தயிர்சாதம் சாப்பிட்டவர்கள் ஐம்பத்திரண்டு பேர். அதில் படுத்தவர்கள் இருபத்தொன்று. சாப்பிடாதவர்கள் எட்டே பேர். அவர்களிலும் மூன்று பேர் படுத்திருந்தார்கள். வகுத்துப் பார்த்தாள். சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது. சாப்பிடாதவர்களில் நூற்றுக்கு முப்பத்தெட்டு.

ஏறக்குறைய ஒன்றுதான். தயிர்சாதத்தைத் தொட்டவருக்கும் தொடாதவருக்கும் வித்தியாசமே இல்லை. பட்டாபி சொன்னதும் பொய்யில்லை. படுத்த இருபத்து நாலு பேரில் இருபத்தொரு பேர் சாப்பிட்டவர்கள்தான். ஆனால் ஒன்றும் ஆகாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்களிலும் ஏறக்குறைய எல்லாரும் அதைச் சாப்பிட்டிருந்தார்கள்.

அழுகை வந்தது. அதைத் துடைத்துக்கொள்வதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது. இது இல்லையென்றால் வேறு எது? அது இன்னும் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கிறதா?

வடைக்கு ஒரு கட்டம் போட்டாள், பாயசத்துக்கு ஒன்று. இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. பானகத்துக்குப் போட்டபோது பென்சில் நின்றுவிட்டது. குடித்த முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேர் படுத்திருந்தார்கள். குடிக்காத இருபத்தொன்பது பேரில் இரண்டே பேர். குடித்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தொன்று, குடிக்காதவர்களில் நூற்றுக்கு ஏழு.

குடித்தும் ஒன்றும் ஆகாத ஒன்பது பேரைத் திரும்பப் போய்க் கேட்டாள். ஆறு பேர் சீக்கிரமே வந்து குடித்தவர்கள். "அப்ப இன்னும் ஐஸ் வரலைம்மா, வெதுவெதுன்னுதான் இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னார். குடிக்காமலே படுத்த இரண்டு பேரில் ஒருத்தி சின்னப் பெண்; வாளியிலிருந்து ஐஸ் துண்டை எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தாளாம்.

ஐஸ் வாங்கி வந்தவர் முதல் மாடி கிருஷ்ணசாமி. மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். கட்டிடத்தில் யாருக்கு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாகக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பவர். அவர் வீட்டு மணியை அடிக்க அவளுக்கு மனமே வரவில்லை. மத்தியானம் தன் மேல் விழுந்தது எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கப் போகிறாள்.

"சார், விருந்துக்கு ஐஸ் எங்கே வாங்கினீங்க?"

"தெருவுல தள்ளுவண்டிக்காரன்கிட்டங்க. கடையில தீர்ந்துபோச்சு. மீன் மேல போடற பாளம்னு நினைக்கறேன், நல்லாக் கழுவித்தான்..." அவர் பாதியில் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டுவிட்டார். "அந்தக் குழந்தைக்கு நான் கொடுத்தேங்க. என் கையால ரெண்டு டம்ளர் கொடுத்தேன்."

"மிச்சம் ஏதாவது இருக்கா சார்?"

"மிதாலி வீட்டு ஃப்ரிட்ஜுல ஒரு பை..."

சுந்தரவல்லி மாடிப்படியில் ஓடினாள். மிதாலி பௌதி சமையலறையில் மாமியாருக்கு எலுமிச்சை ஷர்பத் கலக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி டம்ளரில் ஐஸ் மிதந்தது. இவள் மூச்சிரைக்க, "பௌதி, காபென் நா, காபென் நா, குடிக்காதீங்க" என்று கையை நீட்டி டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். "அத்தை காலையில ஒண்ணு குடிச்சாளே" என்று வங்காள மொழியில் சொல்லிக்கொண்டே மிதாலி வெளுத்துப்போய் நின்றாள்.

அந்தப் பையை அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள். கூட வந்தது கிருஷ்ணசாமி. டாக்டர் காலண்டர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பையைப் பரிசோதனைக்கு அனுப்பினார், அன்றைக்கே மருந்தை மாற்றினார். பிறகு முடிவு வந்தபோது, ஐஸில் சாக்கடைத் தண்ணீரில் இருக்கும் கிருமிகள் இருந்ததாகச் சொன்னார்கள். சுபிக்ஷா மெல்லத் தேறி வீட்டுக்கு வந்தாள். மிதாலியின் மாமியாருக்கு வயிறு கொஞ்சம் படுத்தியது, அவ்வளவுதான்.

குழுவில் அறிவித்தது பட்டாபி இல்லை, கிருஷ்ணசாமி. ஐஸ் வாங்கியது நான்தான் என்று அவரே எழுதினார். யார் பெயரையும் சொல்லாமல் எழுதலாம் என்று சுந்தரவல்லி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு குடும்பம் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. நாகலட்சுமி பேசினாள். பட்டாபி ஒரு நாள் லிஃப்டில், "அவசரப்பட்டுட்டேன்ம்மா" என்றார்.

ஒரே ஒருவர் கணக்கில் மிஞ்சினார். நாலாவது மாடி நவநீத். பானகம் குடிக்கவில்லை, ஐஸைத் தொடவில்லை, தயிர்சாதம் மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டவன். அவனும் படுத்திருந்தான். வெளியில் எங்காவது எதையாவது சாப்பிட்டிருப்பேன், விடுங்கள் அக்கா என்று சிரித்தான். அறுபது பேரில் ஒருவருக்கு எப்படியும் வயிறு கெடும் என்று சுந்தரவல்லிக்கும் தெரியும். தெரிந்தும், அவனைப் படியில் பார்க்கிறபோதெல்லாம் அன்றைக்குப் பாலை நன்றாகக் காய்ச்சினேனா என்று இன்னும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கிறாள்.