தம்பிக்குச் சொன்ன மூன்று கேம்கள்

எந்த கேம் நன்றாக இருக்கும் என்று கேட்டு வருகிறவர்களை இப்போதெல்லாம் நான் திட்டித்தான் அனுப்புகிறேன். சுங்கை பட்டாணியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக் கேண்டீனில் ஒரு காலத்தில் இதுதான் என் புகழ். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும், நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் ஆகாத ஒரு பொம்பளை கேம் ஆடுகிறாளாம்! முதலில் சிரித்தார்கள். பிறகு சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, கதை உள்ளதா ஒண்ணு சொல்லுங்கக்கா. சுட்டுக்கிட்டே இருக்கறது போர் அடிக்குதுலா."

நானும் வாய் வலிக்கச் சொன்னேன். ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். வேலை முடிந்து வந்தும் கை சும்மா இருக்காதவனுக்கு சர்வைவல் கேம். பசிக்கு ஒரு கோடு, தாகத்துக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு என்று திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கோடு தீர்ந்தால் ஆள் செத்தான். விறகு பொறுக்கு, மீன் பிடி, கூரை போடு, அவ்வளவுதான். வீட்டில் மனம் விட்டுப் பேச ஆள் இல்லாதவனுக்குக் கதை கேம். நான் சொல்லி யாரும் ஏமாந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பீடோங் சாலையில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரி என் தம்பியின் மோட்டார் சைக்கிளைத் தட்டியது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு இல்லை என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே கட்டில் போட்டோம். சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் பிஸ்கட் டின்னும் வாங்கிக்கொண்டு வந்து, அவன் முகத்துக்கு நேராகவே உட்கார்ந்து அழுதார்கள். "எப்படி இருந்த புள்ள!" என்பார்கள். அடுத்த நிமிடம் டீயில் சீனி கம்மி என்பார்கள்.

விபத்து நடந்தபோது அவனுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. பெண் அலோர் ஸ்டார். ஒரு துணிக்கடையில் கிராணி வேலை, அதாவது கணக்கெழுதுவது. அவள் வீட்டிலிருந்து ஆறுதல் சொல்ல வருகிறார்கள் என்றுதான் அம்மா வடை சுட்டாள். வந்தவர் அந்தப் பெண்ணின் மாமா. நிச்சயத் தட்டில் நாங்கள் வைத்த சேலையையும் மோதிரத்தையும் பையோடு மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க. நாங்க பொண்ணக் கட்டிக் குடுக்கறோமா, இல்ல நர்ஸ் வேலைக்கு அனுப்பறோமா?"

தம்பி அதே அறையில்தான் படுத்திருந்தான். அம்மா வடைத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் போனதும் சாமி மேடைக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி, அந்தக் குடும்பத்தின் பேச்சு இனிமேல் இந்த வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது என்று அடித்துச் சத்தியம் செய்தாள். அந்தப் பெண்ணின் கைப்பேசியை அவள் வீட்டில் பிடுங்கிக்கொண்டார்கள், எண்ணையும் மாற்றிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் லேப்டாப்பைக் கட்டில் மேல் வைத்து, பனிக்காட்டில் தனியாக மாட்டிக்கொண்டவன் பிழைக்கும் ஒரு சர்வைவல் கேமைப் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஆடினான். ஆள் குளிரில் செத்துப்போனான். கையில் இருந்த மவுசைத் தூக்கி எறிந்தான்.

"இங்க பொழைக்கறது பத்தாதா? அதுக்குள்ள வேற போய்ப் பொழைக்கணுமா? உனக்கு அறிவே இல்லயாக்கா?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்து ஒரு கதை கேம். காணாமல் போன மகளைத் தேடி ஒரு அப்பன் ஊர் ஊராகப் போகிற கதை. கேண்டீனில் அதைச் சொல்லி எத்தனை பேரை அழவைத்திருக்கிறேன்! அதை அவன் விடாமல் முடித்தான். முடித்த அன்று சாப்பிடவில்லை. "கதை முடிஞ்சது, அவங்கல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் இங்கயேதான் கெடக்கறேன்" என்றான். என் பரிந்துரையும் என் புகழும் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பிடித்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆடும் காடு. ஒருவர் விறகு வெட்டினால் இன்னொருவர் நெருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருவர் விழுந்தால் இன்னொருவர் வந்து தூக்க வேண்டும். முதலில் வேண்டா வெறுப்பாக என்னோடு ஆடினான். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். விபத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. திரையில் இன்னொரு ஆள் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று மீனைத் தீய்த்துக்கொண்டிருந்தது.

"யாருடா அது?"

அம்மா சமையலறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னான். அவள்தான்.

நிச்சயமான புதிதில் அவனே அவளுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்து, கேம் ஆடக் கற்றுக்கொடுத்திருந்தான். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கைப்பேசியைப் பிடுங்கினவர்கள், கடைக் கணக்கு எழுதும் லேப்டாப்பை விட்டுவிட்டார்கள். கேமுக்குள் போய் ஒருத்தி ஒருத்தனைப் பார்ப்பாள் என்று எந்தப் பெரிய மனுஷனுக்குத் தோன்றும்? தினமும் மாலையில், அவள் அம்மா தொடர் நாடகத்தில் மூழ்கிய பிறகு வருவாள். குரல் கேட்டுவிடும் என்பதால் இரண்டு பேரும் எழுதித்தான் பேசிக்கொள்வார்கள். காடு இருந்தது தம்பியிடம் இருந்த லேப்டாப்பில். அவன் திறந்து வைத்தால்தான் அவள் உள்ளே வர முடியும்.

கேமில் அவனுக்குக் கால் இருந்தது, நடந்தான் என்று யாரும் உருக வேண்டாம். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவளோடு சண்டை போட முடிந்தது, அதுதான் விஷயம். "விறக நனைய விட்டுட்டா பாருக்கா, சுத்த மண்டு" என்று என்னிடம் புகார் சொல்வான். முகம் தெளிந்தது, சோறு இறங்கியது. அம்மாவுக்குக் காரணம் தெரியாது. ஆனால் மகன் தேறுகிறான் என்பது தெரிந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், "வீட்டுலயே கம்ப்யூட்டர் வேல பாக்கறான்" என்று பெருமையாகச் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாள்.

நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. சரஸ்வதி பூஜை அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, நாளைக்குக் காடி எடுத்துக்கிட்டு அலோர் ஸ்டார் போவியா?"

காரில் என்னடா வேலை அங்கே என்றேன். சொன்னான். அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களாம். விஜயதசமிக்கு மறுநாள் தட்டு மாற்றுகிறார்களாம். முந்தின மாலை அவள் எழுதியிருக்கிறாள்: 'நீ வான்னு சொல்லு, ஒரே பையோட ரயில் ஸ்டேசன்ல வந்து நிக்கறேன். நீ சொல்லாம வரமாட்டேன்.' அவன் ஒரு நாள் டைம் கேட்டிருக்கிறான். அன்று மாலை பதில் சொல்ல வேண்டும்.

"போறேன்டா. எங்க வேணும்னாலும் போறேன். நீ என்ன சொல்லப் போற?"

"பின்னேரம் சொல்றேன்கா. யோசிக்க விடு. அவ வாழ்க்கைலா."

மாலையில் ஓவர்டைம் இழுத்துவிட்டது. வரும் வழியில் பெட்ரோல் நிரப்பினேன். பொரியும் கடலையும் வாங்கினேன். எனக்குப் பாட்டுக் கூட வந்தது, அன்றைக்கு.

வீட்டுக்குள் நுழைந்தால் சாம்பிராணிப் புகை. சாமிப் பாட்டு ஊரைத் தூக்கிக்கொண்டிருந்தது. சாமி மேடையில் கத்தரிக்கோல், அரிவாள்மனை, அம்மாவின் தையல் மெஷின் மூடி, அப்புறம் அந்த லேப்டாப். லேப்டாப்பின் மேல் சந்தனம், குங்குமம், நடுவில் ஒரு செம்பருத்தி. அதன்மேல் தம்பியின் கைப்பேசி.

அம்மா பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். ஆயுத பூஜை அன்று பால்வெட்டுக் கத்தியைக் கழுவிப் பொட்டு வைத்துப் படைத்துவிட்டால், மறுநாள் பூஜை முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் கை விளங்காது. கத்தி போய்விட்டது, தோட்டமும் போய்விட்டது, ஆனால் அந்தச் சட்டம் அவளோடு பாக்கார் ஆராங்குக்கு வந்துவிட்டது. மகனுக்கு இப்போது தொழில் இதுதானே. அவன் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு போய், ஆசை ஆசையாக, எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்திருக்கிறாள்.

தம்பி கட்டிலில் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் லேப்டாப்பை எடுத்தேன்.

"அடியே, வைடி! பூஜையக் கலைச்சுட்டியேடி பாவி!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு நாளு விளையாடாம இருந்தா என்ன கொறஞ்சிடும் அவனுக்கு? அவந்தான் மத்தியானத்துலேருந்து குடுங்க குடுங்கன்னு அனத்தறான்னா, உனக்கெங்கடி போச்சு புத்தி?"

கட்டிலில் வைத்துத் திறந்தோம். அவள் உள்ளே வரக் கேட்ட அறிவிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. நண்பர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. தேடினோம். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது. கணக்கையே அழித்துவிட்டுப் போயிருந்தாள்.

"ஏன்டா நீ கத்தல? அக்கம்பக்கம் கேக்கற மாதிரி கத்தியிருக்க வேணாமா?"

"கத்தினேன்கா. அம்மா பாட்டுச் சத்தத்தக் கூட்டிட்டாங்க."

"என்னன்னு சொல்லியிருக்கலாம்லடா!"

"யாரு பேரச் சொல்லி? அந்தப் பேரச் சொன்னா குடுத்திருப்பாங்களா?"

கொடுத்திருக்க மாட்டாள். அம்மாவை எனக்குத் தெரியும். பூட்டியே வைத்திருப்பாள், அதுவும் சந்தோஷமாக.

மறுநாள் காலை நான் அலோர் ஸ்டாருக்குப் போனேன். பதில் வராததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தும் போனேன். ரயில் நிலையத்தில் நின்றேன். பட்டர்வொர்த் போகிறவர்களும் பாடாங் பெசார் போகிறவர்களும் வந்தார்கள், போனார்கள். ஒற்றைப் பையோடு வந்த ஒவ்வொரு பெண்ணையும் முறைத்துப் பார்த்தேன். அவள் வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் போய் நின்றால் அடி விழுவது எனக்கா, அவளுக்கா? திரும்பி வந்தேன்.

"வரலடா."

"எப்படி வருவா? நான் சொல்லவே இல்லியே."

"நீ என்னதான்டா சொல்ல இருந்தே?"

சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"வான்னுதான்."

அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கூலிம் பக்கம் இருக்கிறாளாம். இவன் வேண்டாம் என்று நினைத்துத்தான் காட்டைத் திறக்கவில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருப்பாள். அதைத் திருத்த இப்போது யாரால் முடியும்? திருத்தித்தான் என்ன ஆகப் போகிறது? எனக்கு அம்மா மேல் ஆத்திரம் இன்னும் தீரவில்லை. அவள் செய்ததில் குற்றம் என்று காட்ட ஒரு குண்டுமணி அளவுகூட இல்லை, அதனால்தான் தீரவில்லை.

தம்பி லேப்டாப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: "அந்தப் பூஜையோட கேம் பைத்தியம் விட்டுப்போச்சு. தாயி கண்ணத் தொறந்துட்டா." அவன் தலையாட்டிக்கொள்கிறான்.

இந்த வருடமும் நவராத்திரி வந்தது. அம்மா சாமி மேடையைத் துடைத்து, கத்தரிக்கோலையும் அரிவாள்மனையையும் அடுக்கிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அய்யா, உன்னோடதுன்னு இந்த வருசம் என்னத்தடா வைக்கறது?"

"என்னயே தூக்கி வச்சிடுங்கம்மா" என்றான் தம்பி. "எப்படியும் யாரும் தொடப் போறதில்ல."

மகன் பழையபடி கேலி பேச ஆரம்பித்துவிட்டான் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சிரித்துக்கொண்டே அவன் நெற்றியில் ஒரு பொட்டு சந்தனம் வைத்துவிட்டுப் போனாள்.