சரி என்று சொன்ன விடை

பள்ளிப் பிள்ளைகளுக்கான கணித வழிகாட்டிகளை அச்சிடும் அச்சகம் அது. மாடியில் ஒரே அறை, எதிரெதிராக இரண்டு மேசைகள். ஒன்றில் கணவர் சமன்பாடுகளுக்கு விடை காண்பார். மற்றொன்றில் மனைவி அதைச் சரிபார்ப்பாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த ஏற்பாடு, தலை நரைத்தும் மாறவில்லை.

சரிபார்ப்பதில் அவள் பிடிவாதக்காரி. அவர் எழுதிய படிகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். "வழியப் பார்த்தா உங்க சாமர்த்தியத்துல மயங்கிடுவேன்" என்பாள். விடையை மட்டும் எடுத்து, பாடப் புத்தகத்தில் இருக்கும் மூலக் கேள்வியில் போடுவாள். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் "சரி" என்று ஒரு டிக். வராவிட்டால் "தப்பு", முகத்தில் அடித்தாற்போல். புருஷனாயிற்றே என்று பார்ப்பதில்லை. கீழே மிஷின் ஓட்டுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'போட்டுப்பார் அக்கா'. புதுச் செருப்பு வாங்கினால்கூடக் கடையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பாள்.

அவர் வாயாடி. "பக்கம் மாறினா சைன் மாறும்பா. எங்கம்மா பக்கத்துலருந்து இவ பக்கம் வந்தேன், மாறிட்டேன் பாரு" என்று டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவள் முறைப்பாள். உள்ளுக்குள் பிடிக்கும்.

கொஞ்ச நாளாக அவருடைய விடைகள் உதைத்தன. படிகளில் பிழை இருக்காது. கேள்வியைத் தன் தாளில் எழுதிக்கொள்ளும்போதே மைனஸ் கோடு அவர் கண்ணுக்குத் தப்பிவிடும். தப்பாக எழுதிக்கொண்ட கேள்விக்கு மிகச் சரியான விடை. அதே தாளில் போட்டுப் பார்த்தால் அச்சாகப் பொருந்தும். அவர் திருப்தியாகத் தாளை நீட்டுவார். டாக்டரிடம் போகலாம் என்றாள். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று அவருக்குக் குலை நடுக்கம். "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று எரிந்து விழுந்தார்.

அந்தச் சமயம் பார்த்து முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, அவருக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு பேச்சு வருது. தப்பு வந்தா மறைக்காம சொல்லுங்க. வேற ஆள் பார்த்துடறேன்."

"அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்றாள். வாய் கூசியது.

மாடிக்கு வந்ததும் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். அவரிடம் சொன்னால் அவர் நேரே முதலாளியிடம் போய் உளறிவிடுவார்; அந்த வாயில் எதுவும் தங்காது. கணக்கு இல்லாவிட்டால் அந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அதனால் எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லிவிட்டு, குனிந்து தானே திருத்தினாள். இப்படியே வாரங்கள் ஓடின.

ஒரு மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. மிஷின்களின் இரைச்சல் அடங்கியது.

"சரி" என்றாள் அவள். பேனா ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சரின்னா ஒரு டிக்குதானே? என்ன இவ்ளோ நேரமா எழுதுற?"

அவள் கை நின்றது.

"கேள்விய வாசி."

"எதுக்குங்க இப்ப..."

"வாசின்னு சொன்னேன்."

வாசித்தாள். "எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் ஏழு எக்ஸ், பிளஸ் பன்னெண்டு, ஈக்வல் டு ஸீரோ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் பிளஸ் ஏழுன்னு எடுத்திருக்கேன். மைனஸ் மூணு, மைனஸ் நாலுன்னு கொடுத்தேன். மைனஸ் மூணைப் போட்டா ஒன்பது, இருபத்தொண்ணு, பன்னெண்டு... ஸீரோ வர வேண்டிய இடத்துல நாப்பத்திரண்டு வருது. இதுக்கா சரின்னு சொன்ன?"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"எத்தனை நாளா?"

முதலாளி சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். பட்டிருந்தால் தேவலை.

"வேலை போனா போகுது. முதலாளிகிட்ட நானே சொல்லிக்கறேன். கண்ணையும் காட்டிக்கறேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "நீ தயவு தாட்சண்யம் இல்லாம தப்புன்னு சொல்றவ. அதனாலதான் நீ சரின்னு சொன்னதை நான் திரும்பிப் பார்த்ததே இல்ல."

அன்றைய தாள்களை அவள் பக்கம் தள்ளினார். "முதல்லருந்து சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதல் விடையைப் போட்டுப் பார்த்தாள். "தப்பு."

தலையாட்டினார்.

அடுத்ததைப் போட்டாள். "தப்பு."

அதற்கும் தலையாட்டினார்.

மூன்றாவதை ஒன்றுக்கு இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சமமாக நின்றன. "சரி" என்றாள்.

அவர் மேசைக்கு மேலாக முன்னால் சாய்ந்து, மங்கலாகத் தெரிந்த அவள் முகத்தைத் தேடினார்.

"நிஜமாவா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.