தண்ணீர்ப் பந்தலில் எனக்குக் கிடைத்த வேலை

திட்டம் போடுவதில் நான் சூரன். வேலை செய்வதைப் பிறருக்கு விட்டுவிடுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், பம்பாயில் ஒரு கோடை. தாராவியில் தோல் பதனிடும் ஆதிதிராவிட இளைஞர்கள், மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைக்க யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். இடம் பிடித்துக் கொடுத்தேன். பிறகு மகா சாமர்த்தியமாக, “தண்ணியை நான் ஊத்தறேன். நீங்க ஊத்தினா எங்க தெருக்காரா குடிக்க யோசிப்பா” என்றேன்.

அவர்களில் மூத்தவனான சுடலைமுத்து சிரித்தான். “நீங்க ஊத்துனா அது ஒங்க பந்தல் ஆயிரும்லா, சார்வாள். நாங்கதான் ஊத்துவோம். ஒங்களுக்கு டம்ளர் கழுவத் தெரியுமா?”

தெரியாது. கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் நடுப்பகல்வரை ஒருவரும் பந்தல் பக்கம் ஒதுங்கவில்லை. பானை நிறைந்தே இருந்தது. பையன்கள் முகம்தான் வற்றிக்கொண்டு வந்தது. அப்போது என் எதிர்வீட்டுக்காரர் வியர்த்து வழிய வந்தார். சாம்பலும் கையுமாக இருந்த என்னைப் பார்த்து, “என்ன ஓய், இதென்ன வேஷம்?” என்றார்.

“வேலை ஓய். தாகமா இருந்தா குடியும்.”

சுடலைமுத்து டம்ளரை நீட்டினான். அவர் அவனைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். அவன் நீட்டிய கை மடங்கவில்லை. வாங்கி, அண்ணாந்து குடித்தார். “இன்னொண்ணு குடுப்பா” என்றார். வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நெருங்கினார்கள்.

நான் ஊற்றியிருந்தால் காலையிலேயே கூட்டம் வந்திருக்கும். ஆனால் தாகம் மட்டும்தான் தீர்ந்திருக்கும்.