அழுமூஞ்சி

அந்த வீட்டு மகள் வேலை கிடைத்து வெளியூர் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் அத்தைதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அண்ணா, எனக்கு ஐம்பது வயசாச்சு. அந்தப் பேரை எடுத்துடுங்க."

"எந்தப் பேரு?" என்றார் அப்பா, டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"பேரு என்ன சட்டையா, நினைச்சா கழட்ட? நீ அழுத அழுகையில எதிர்வீட்டுக்காரன் வீட்டையே காலி பண்ணிட்டுப் போனான்."

"அப்போ எனக்கு மூணு வயசு."

"அவன் இன்னும் திரும்பி வரலியே."

அத்தை தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் கடைசியா எப்போ அழுதேன்? சொல்லுங்க."

அப்பா யோசித்துப் பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. "சரி. இவ கிளம்புற அன்னைக்கு ஒரு சொட்டுக்கூட வராம நில்லு. எடுத்துடறேன்."

"வார்த்தை மாறக் கூடாது."

"மாறமாட்டேன், அழுமூஞ்சி."

அந்த வீட்டில் பேர் வைப்பது அப்பாவின் பொறுப்பு. பிறப்புச் சான்றிதழில் உள்ள பேர் சான்றிதழோடு சரி. அதிகம் பேசாத மகளுக்கு அவர் வைத்தது வாயில்லாப்பூச்சி. அவள் மறுத்து ஒன்றும் சொல்லாததால் அது பொருந்திவிட்டது. அத்தை அப்படி விடுகிறவள் இல்லை. வெங்காயம் நறுக்கவே மாட்டாள். கண் கலங்கினால் வெங்காயம்தான் காரணம் என்று யார் நம்புவார்கள்?

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலில் அத்தைக்கு வேலை. தண்ணீர் வராதவர்கள் எல்லாம் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கத்துவார்கள்.

"இது என்ன உங்கப்பன் வீட்டுத் தண்ணியா?" என்பார்கள்.

"இல்லைங்க. அவர் வீட்லயும் ரெண்டு நாளா வரல," என்பாள் அத்தை.

பாட்டி இறந்தபோது வந்தவர்களுக்கு நாற்காலி போட்டது அவள்தான். கண் காய்ந்தே இருந்தது. கல்நெஞ்சுக்காரி என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அதுவாவது ஒட்டிக்கொள்ளும் என்று அத்தை காத்திருந்தாள். மறுநாள் காலையில் அப்பா உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "அழுமூஞ்சி, காப்பி இருக்கா?"

பேருந்து நிலையத்தில் அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா கொஞ்ச நேரம் தூண் ஒன்றில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் படித்தார். பிறகு அதன் மேலேயே நெற்றியை வைத்துத் தேம்ப ஆரம்பித்தார். அத்தை பெட்டியை மேலே ஏற்றினாள். தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தாள். அண்ணன் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை கொடுத்தாள்.

அப்பா மூக்கைச் சிந்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "போ. எடுத்தாச்சு," என்றார்.

அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியதும் ஜன்னல் ஓரமாக வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் காதில் விழாதபடி அவர் மகளிடம் சொன்னாள்:

"போய்ச் சேர்ந்ததும் எனக்கு வீட்டுக்குப் போன் பண்ணாதேம்மா. ஆபீசுக்குப் பண்ணு. அங்க கண்ணு கலங்கினாலும் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது."