பூட்டு அக்கா மறுத்த வேலை

எங்கள் ஆபீஸில் தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸைப் பூட்டிக் காப்பவருக்குப் பூட்டு அக்கா என்று பேர். எங்கள் வலைத்தளத்தை வீட்டு ஓனர்கள் சங்கமும் வாடகைக்குக் குடியிருப்போர் சங்கமும் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ்தான் என்பதில் அக்கா பிடிவாதம்.

"ரெண்டையும் ஒண்ணாக்கிடும்மா, செலவு மிச்சம்," என்றார் மேனேஜர்.

"சோதனைக்கு ஒண்ணாக்கினோமே, என்னாச்சு சார்? எது எந்தச் சங்கத்தோட தகவல்னு பிரிக்கற ஒரு வரியை நீங்க புரோகிராம்ல எழுத மறந்தீங்க. குடியிருக்கறவங்க ஓனரைத் திட்டினதெல்லாம் ஓனரோட பக்கத்துலயே வந்து நின்னுச்சு."

"சின்ன மறதிதானேம்மா."

"உங்க மறதிக்குக் குடியிருக்கறவங்க வீட்டைக் காலி பண்ணி மூட்டை கட்டணுமா? நான் மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். கிராமத்திலிருந்து வந்து, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கிய நானும் வாடகை அறையில் இருப்பவன்தான்.

"நானும் மாட்டேன் சார்," என்றேன்.

அந்த வேலை தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் இரண்டே பேர்.